கரும்பலகையில் ஜூன் 12

இதை எழுதுவதா விடுவதா என்று ரெண்டு வருஷமாக இழுத்துக்கொண்டே இருந்தேன். போன கிழமை வேறொரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் தங்கச்சி ஒருத்தி கோல் எடுத்து, "அக்கா, ஆன் ஃபிராங்க் டைரிய வச்சு பிள்ளைகளக் கொண்டு ஏதும் எழுதுவிப்பம் எண்டு இருக்கன், நீங்களும் ஒருக்கா செய்தீங்கதானே" என்று கேட்டாள். செய்தேன்தான். நடந்ததை முக்கால் மணித்தியாலம் அவளுக்குச் சொன்னேன், சொல்லி முடிக்கும்போது அவளை விட எனக்குத்தான் தொண்டை அடைத்திருந்தது. எனக்கு அன்றைக்கு இப்படிச் சொல்ல ஒரு ஆள் இருந்திருக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தின் பெயர் எழுதமாட்டேன், பிள்ளைகளைப் பற்றிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நான் தமிழ்ப் பாட ஆசிரியை. வீடு மட்டக்களப்பு கல்லடியில், அப்போது படிப்பித்தது வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். காலையில் ஸ்கூட்டியில் மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்து போவேன். பாலம் 2014இல்தான் திறந்தது, அதற்கு முன்பு பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவைப் படகை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) ஏறி இறங்கிப் போன ஆசிரியர்கள் என்னைப் பார்த்து "நீ சொகுசாப் போறாய்" என்பார்கள். தரம் 10இல் 22 பிள்ளைகளை வைத்து பின்னேரத்தில் ஒரு வாசிப்பு வட்டம் நடத்தினேன். பாடத்திட்டத்தில் இல்லாத புத்தகங்கள்தான். கனடாவில் இருக்கும் மச்சாள் ஒரு பெட்டி நிறையப் புத்தகம் அனுப்பியிருந்தார், அதற்குள் ஆன் ஃபிராங்கின் டைரி தமிழில் இருந்தது. அது நாவல் இல்லை, நாசிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்த ஒரு யூதப் பிள்ளை உண்மையில் எழுதிய நாட்குறிப்பு. ஆனால் என் பிள்ளைகள் கடைசி வரைக்கும் அதை "அந்தக் கதை" என்றுதான் சொன்னார்கள், நானும் திருத்தவில்லை. அதுவும் பிழை என்று பிறகு தெரிந்தது.

எடுத்த எடுப்பில் பிள்ளைகளுக்கு அந்தப் புத்தகம் பிடித்துப்போய்விட்டது. 13 வயதில் பிறந்தநாளுக்குக் கிடைத்த கொப்பிக்கு கிட்டி என்று பெயர் வைத்துக் கடிதம் எழுதுகிற பிள்ளை, தாயோடு எந்நேரமும் சண்டை பிடிக்கிற பிள்ளை, யாருக்குத்தான் பிடிக்காது. அம்ஸ்டர்டாமில் தகப்பனின் கந்தோருக்குப் பின்னால், புத்தக அலுமாரியால் மறைத்த வாசலுக்கு அந்தப் பக்கம், எட்டுப் பேர் 1942 ஜூலையிலிருந்து ரெண்டு வருஷத்துக்கு மேல் ஒளிந்திருந்தார்கள் என்றதும் முதல் கேள்வி, "டொய்லட்டுக்கு என்ன செய்த டீச்சர்?" பகலில் கீழே ஆட்கள் வேலை செய்வதால் தண்ணீர் திறக்க முடியாது, டொய்லட் ஃபிளஷ் பண்ண முடியாது என்று சொன்னபோது ஒருத்தரும் சிரிக்கவில்லை. பின்வாங்கிலிருந்து ஒரு பெடியன், "அப்ப பங்கர் மாதிரித்தான்" என்றான். சூட்கேஸ் கொண்டுபோனால் பிடிபடுவோம் என்று ஆன் உடுப்புக்கு மேல் உடுப்பாகப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்ட இடம் வந்ததும், "எங்கட அம்மாவும் 2007இல இடம்பெயரக்குள்ள அப்பிடித்தான், நான் கேம்பிலதான் பிறந்த" என்று ஒரு பிள்ளை சொன்னாள். எனக்குப் புல்லரித்தது. ஆகா, பாடம் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போய்விட்டது என்று சந்தோஷப்பட்டேன். அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும். அது பாடம் உள்ளே போனதால் வந்த பேச்சில்லை, ஏற்கெனவே உள்ளே கிடந்தது வெளியே வரத் தொடங்கியிருந்தது.

அப்புறம் நான் செய்த கூத்தைக் கேளுங்கள். இணையத்தில் எங்கேயோ கிடந்த ஒரு பாடத் திட்டத்தைப் பார்த்து, மஞ்சள் பிரிஸ்டல் போர்ட்டில் நட்சத்திரம் வெட்டி, பாதிப் பிள்ளைகளுக்கு ஊசியால் குத்திவிட்டு, இன்றைக்கு முழுக்க இதோடு இருங்கள், அந்த வேதனையை உணர்ந்து பாருங்கள் என்றேன். 1942இல் ஒல்லாந்து யூதர்களை நாசிகள் அப்படி அணியச் செய்தது உண்மை. ஆனால் என் வகுப்பில் நடந்தது என்ன? முதல் பாடவேளையில் சிரிப்பு. இடைவேளைக்குள் நட்சத்திரம் இல்லாத மூன்று பெடியன்கள் இருக்கிறவனைத் தண்ணி அள்ளிவர அனுப்பினார்கள். ஒருத்தன் மட்டும் நட்சத்திரத்தைக் கழற்றி நாலாக மடித்துப் பொக்கெட்டில் வைத்துக்கொண்டு, "டீச்சர், செக்பொயிண்ட்ல ஐசி, அடையாள அட்டை, காட்டுறதப் பத்தி எங்கட அப்பப்பா சொன்ன கதைதான் இது, எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றான். இது எல்லாம் முடிந்த பிறகு தேடிப் பார்த்தால், வாஷிங்டனில் இருக்கும் ஹோலோகோஸ்ட் (யூத இனப்படுகொலை) நினைவு அருங்காட்சியகமே ஆசிரியர்களுக்கான வழிகாட்டலில் இப்படி நடித்துப் பார்க்கும் பயிற்சிகளைத் தவிர்க்கச் சொல்கிறது. ஒரு நாள் அட்டை குத்திக்கொண்டு இருந்தால் அந்த அனுபவம் விளங்கிவிடும் என்ற பொய்யான நினைப்பைத்தான் அது கொடுக்குமாம். செய்வதற்கு முன்பு பத்து நிமிஷம் தேடியிருந்தால் கிடைத்திருக்கும். எனவே பிள்ளைகளைப் பாதிக்கப்பட்டவராகவோ படைவீரனாகவோ நடிக்க வைக்காதீர்கள், நாடகம் என்ற பெயரிலும் வேண்டாம்.

அதற்கடுத்த கிழமை எழுத்து வேலை. "நீங்கள் ஒளிந்திருக்கிறீர்கள். ஐந்து நாட்களின் நாட்குறிப்பை எழுதுக." 20 புள்ளி. அதில் உணர்ச்சி வெளிப்பாட்டுக்கு 5 என்று வேறு பிரித்து வைத்திருந்தேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. நல்லதை எல்லாம் பிரேம் பண்ணி ஆனின் பிறந்தநாளில் கண்காட்சி வைப்போம் என்று கரும்பலகையில் பெரிதாக எழுதினேன், ஜூன் 12 என்று. 1929 ஜூன் 12. வகுப்பு ஒரு மாதிரி அமைதியாகிவிட்டது. சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினால் முன்வாங்குப் பிள்ளை மெதுவாக, "டீச்சர், அண்டைக்கு எங்கட ஆக்களுக்கு விளக்கு வைக்கிற நாள்" என்றாள்.

1991 ஜூன் 12, மகிழடித்தீவு. ஊர்ச் சனத்தைக் கொன்று போட்ட நாள். படுவான்கரையில் அந்தத் திகதி தெரியாத பிள்ளை கிடையாது. எனக்குப் படுகொலை தெரியும், வருஷம் தெரியும், திகதி தலையில் பதிந்திருக்கவில்லை. பாலத்துக்கு இந்தப் பக்கத்து ஆள் நான். அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திகதியை அழித்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்ப இன்னும் நல்லம், ரெண்டையும் சேர்த்தே செய்வம். வீட்டில பெரியாக்களிட்டக் கேட்டு எழுதுங்க." வாயால் வந்த கேடு என்பார்களே, அதுதான்.

அந்தப் பிள்ளை கேட்டிருக்கிறாள். அவளுடைய அம்மம்மா முப்பது வருஷத்துக்கு மேல் அந்த நாளைப் பற்றி ஒரு சொல் பேசாத மனிசி. வருஷா வருஷம் விளக்கு வைப்பார், சாப்பிடமாட்டார், அவ்வளவுதான். பேத்தி கொப்பியும் பேனையுமாகப் பக்கத்தில் போய் இருந்து, பள்ளிக்கூடத்துக்கு வேணும் அம்மம்மா என்றதும் அவர் சொல்லத் தொடங்கியிருக்கிறார், விடியும் வரைக்கும் நிறுத்தவில்லை. பிள்ளை ஆறு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். அதில் என்ன இருந்தது என்று இங்கே எழுதமாட்டேன், அது எனக்குச் சொந்தமான கதை இல்லை. நான் செய்ததை மட்டும் சொல்கிறேன். வாவிக்கரைக் கண்ணாப் பத்தைக்குள் "ஒழிந்திருந்தோம்" என்று அவள் எழுதியிருந்த இடங்களில் எல்லாம் ழவைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு மேலே ள என்று எழுதினேன். நாலு இடம். கடைசியில் 18/20, மிக நன்று என்று போட்டுக் கையெழுத்து வைத்தேன்.

மூன்றாம் நாள் அவளுடைய தாய் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. அந்தத் தாளை மடித்துக் கையில் வைத்திருந்தார். அம்மம்மா ரெண்டு நாளாகச் சாப்பாடு தண்ணி இல்லாமல் கிடந்து, மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றியிருக்கிறார்கள். "டீச்சர், அம்மாட வாயத் திறந்து விட்டுட்டீங்க. இனி ஆர் மூடுற?" என்று கேட்டார். அதோடு, அந்த ஆறு பக்கத்தில் வருகிற சின்னப் பிள்ளை அவர்தான். ஆறு வயதில் தனக்கு நடந்ததை 38 வயதில், மகளின் வீட்டுவேலைத் தாளில், என் சிவப்பு வட்டங்களுக்கு நடுவே வாசித்திருக்கிறார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருங்கோ என்றேன், இருக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்த அலுவலகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நினைக்கவே அலுப்பு. பள்ளிக்கூடத்தில் யாரோ நினைவேந்தல் நடத்தப் போகிறார்கள் என்று யாரோ எங்கேயோ சொல்லிவிட்டார்கள். (அந்தத் தாய் இல்லை, அது எனக்கு நிச்சயம்.) கண்காட்சியை நிறுத்தச் சொல்லி வாய்மொழி உத்தரவு, விளக்கம் கேட்டுக் கடிதம், கல்விப் பணிமனைக்கு மூன்று தரம் அலைச்சல், முகம் தெரியாத ஒருவரிடமிருந்து போனில் "காசு எங்கிருந்து வருது" என்ற விசாரணை. காசு என் பேர்ஸிலிருந்துதான் வந்தது ஐயா. ஃபோட்டோகொப்பிக்கு 7,200, பிரிஸ்டல் போர்ட், நிறம், பிரேமுக்கு 6,500, பனருக்கு 4,800, ஒலிபெருக்கிக்கும் கதிரைக்கும் கொடுத்த முற்பணம் 9,000, அது திரும்பி வரவே இல்லை. மொத்தம் 27,500 ரூபாய். காசை விடுங்கள், ரெண்டு மாதம் நித்திரை இல்லை. அதிபர் நல்ல மனிசன், ஆனால் அவரிடம் நான் எல்லாவற்றையும் வாய்ப்பேச்சில்தான் சொல்லியிருந்தேன். "நீங்க புத்தகக் கண்காட்சி எண்டுதானே சொன்ன" என்று அவர் கேட்டபோது என்னிடம் காட்ட ஒரு துண்டுத் தாள் இல்லை. தயவுசெய்து எழுத்தில் கொடுங்கள்: என்ன புத்தகம், ஏன், எத்தனை நாள், பிள்ளைகள் என்ன செய்வார்கள், வெளியே காட்டுவீர்களா இல்லையா. ஒரு பக்கம் போதும். அதிபரின் கையெழுத்தோடு ஒரு பிரதி உங்கள் ஃபைலில் இருக்கட்டும். பெற்றோருக்கும் அதே மாதிரி ஒரு கடிதம், "வேண்டாம் என்றால் வேறு வேலை தரப்படும்" என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும்.

இதற்கு நடுவில் இன்னொரு முட்டாள்தனம் செய்யப் பார்த்தேன். ஜூன் 12 வேண்டாம், ஆன் பிடிபட்ட 1944 ஆகஸ்ட் 4க்கு மாற்றுவோம் என்று நினைத்து, காத்தான்குடியிலிருந்து வரும் விஞ்ஞான டீச்சரிடம் சொன்னேன். அவர் சோற்றுப் பெட்டியை மூடி வைத்துவிட்டு, "அதுக்கு முதல் நாள் எங்கட பள்ளிவாசல் நாள், தெரியும்தானே" என்றார். 1990 ஆகஸ்ட் 3. தொழுகையில் இருந்தவர்களைச் சுட்ட நாள். அவருடைய மாமா ஒருவர் அதில். பிறகு அவரே சிரித்துக்கொண்டு, "இந்த மாவட்டத்தில வெறுந்திகதி ஒண்டு கலண்டர்ல இருந்தாச் சொல்லுங்க, நானும் குறிச்சு வைக்கன்" என்றார். அன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் ரெண்டு பேரும் கனநேரம் பேசினோம், ஐந்து வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்டும் பேசாததை. எங்கள் பக்கம் திகதி வைப்பதற்கு முன்பு நாலு ஊர் ஆட்களிடம் கேளுங்கள், தமிழாக்களிடமும் முஸ்லிமாக்களிடமும்.

அடுத்த வருஷம் அதே புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். வீட்டில் எல்லாரும் விசரா உனக்கு என்றார்கள். பயந்துகொண்டு விட்டுவிட்டால் அந்தப் பிள்ளை எழுதியதுதான் குற்றம் என்று ஆகிவிடும்போல் இருந்தது, அதனால் எடுத்தேன். இந்த முறை முதலில் ரெண்டு வகுப்பு வரலாறு மட்டும்: 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டது, நாசிகளின் அவுஸ்விட்ஸ் முகாமில் மட்டும் யூதர்களும் மற்றவர்களுமாக ஏறத்தாழ 11 லட்சம் பேர், அங்கே கொண்டுபோன ரெண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலானோர் வந்திறங்கிய உடனேயே கொல்லப்பட்டது, 1945 ஜனவரி 27இல் சோவியத் படை வந்தபோது எஞ்சியவர்கள். இது ஏன் முதலில் என்றால், சில பிள்ளைகள் கோடு போட்ட பைஜாமா அணிந்த பையன் வருகிற படத்தைப் போனில் பார்த்துவிட்டு, முள்வேலிக்குப் பக்கத்தில் இருந்து கதைக்கலாம், விளையாடலாம் என்று நம்பிக்கொண்டு வந்திருந்தார்கள். ஜோன் போயின் 2006இல் எழுதிய கற்பனை நாவலிலிருந்து எடுத்த படம் அது. இந்த வரலாற்றைப் படிப்பவர்களும் படிப்பிப்பவர்களும் அந்த நாவலைத் தவிர்ப்பது நல்லது என்று 2020இல் அவுஸ்விட்ஸ் அருங்காட்சியகமே சொன்னது. நாவல் வாசிக்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன், நானே நாவல் பைத்தியம். ஆனால் எது நடந்தது, எது கட்டியது என்று பிள்ளைக்குத் தெரிந்த பிறகு வாசிக்கட்டும்.

எழுத்து வேலையையும் மாற்றினேன். "நீங்கள் அங்கே இருந்திருந்தால்" என்பதையே தூக்கிவிட்டேன். ஆறு ஏழு வழி கொடுத்து, விரும்பியதை எடுங்கள், ஒன்றும் வேண்டாம் என்றால் நூலகத்தில் இருந்து வேறு வாசியுங்கள் என்றேன். சொந்தக் குடும்பக் கதை எழுதச் சொல்லவில்லை. தானாக எழுதினால் நான் மட்டும் வாசிப்பேன், சுவரில் ஒட்டமாட்டேன், புள்ளி போடமாட்டேன், எழுத்துப்பிழை திருத்தமாட்டேன். அப்போதுதான் உண்மையான ஆக்கங்கள் வந்தன, எதிர்பார்க்கவே இல்லை. ஒரு பெடியன் கணிதக் கொப்பியின் கட்டத் தாளில் மறைவிடத்தின் வரைபடத்தைக் கீறி, எட்டுப் பேரின் பாயையும் விரித்தால் நடக்க எவ்வளவு இடம் மிஞ்சும் என்று அளந்து காட்டினான். ஒருத்தி நாலு பக்க ஃபோட்டோகொப்பியை எடுத்து, தான் தெரிந்தெடுத்த சொற்களைத் தவிர மிச்சம் எல்லாவற்றையும் மார்க்கரால் கறுப்பாக்கி, எஞ்சிய பதினொரு சொல்லைக் கவிதையாக விட்டிருந்தாள். இன்னொரு பிள்ளை கிட்டி எழுதுவது போலப் பதில் கடிதம்: "நீ எழுதுவதை நிறுத்திய பிறகு எனக்கு ஒரு கடிதமும் வரவில்லை, தபால் பிந்துதோ என்று பார்த்துக்கொண்டு இருக்கிறேன்."

ஆனால் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டது கூத்துப் பழக்கும் அண்ணாவியார் வீட்டுப் பெடியன்தான். எட்டுப் பேரில் உயிரோடு திரும்பியது தகப்பன் ஒருவர் மட்டும், ஒட்டோ ஃபிராங்க். மகளின் தாள்களைக் காப்பாற்றி வைத்திருந்த மீப் கீஸ் அவரிடம் கொடுக்க, 1947இல் புத்தகமாக வந்தது. இதைச் சொன்னபோது வகுப்பு "ஓட்டோ" என்று கேட்டுச் சிரிசிரியென்று சிரித்தது, நானும் சிரித்தேன், என்ன செய்ய. அவன் சிரிக்கவில்லை. ரெண்டு நாள் கழித்து, "டீச்சர், கூத்தில ஒவ்வொருத்தருக்கும் வரவு இரிக்கிதானே, அந்த ஐயாவுக்கு ஒரு வரவு கட்டினன்" என்று வந்து நின்றான். வரவு என்றால் ராசா வருவார், மத்தளம் அதிரும், காலில் சலங்கை துள்ளும். இவன் மத்தளத்தை ஒற்றைத் தட்டாக்கி, ஆட்டமே இல்லாமல், வெறும் நடையில் களரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கொலுவுக்குரிய கதிரையில் இருக்காமல் அதற்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தான். பாட்டு ரெண்டு அடிதான். வகுப்பு கைதட்டவில்லை, எனக்கும் எழும்ப முடியவில்லை.

இன்னும் சில சில்லறை விஷயங்கள். மாலையில் பள்ளிக்கூடம் விடும் நேரத்தோடு இந்த வகுப்பை முடிக்காதீர்கள், அழுத முகத்தோடு பிள்ளை சைக்கிளில் தனியாகப் போகும். கடைசி இருபது நிமிஷம் பந்து விளையாடவோ படம் கீறவோ விடுங்கள். உளவளத்துணை ஆசிரியரை முதல் நாளே கூப்பிட்டு வகுப்பில் இருத்துங்கள், பிரச்சினை வந்த பிறகு தேடினால் அவர் பயிற்சிக்குப் போயிருப்பார். பெரியவர்கள் யாரும் உடைந்துபோனால் 1926 என்ற தேசிய உளநலத் தொலைபேசி இலக்கம் இருக்கிறது, எனக்கு அது தெரிந்ததே எல்லாம் நடந்த பிறகுதான். பிள்ளைகளின் ஆக்கத்தைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போடவே போடாதீர்கள், எவ்வளவு லைக் வந்தாலும். ஒரு நினைவு வருகிறது: சின்ன வயதில் எங்களை மட்டக்களப்பு வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவுக்குக் கூட்டிப்போவார்கள், 1996இல் தொடங்கியது. தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாகப் போவோம். சண்டை உச்சத்தில் இருந்த காலம். ஆனால் உனக்கு என்ன நடந்தது என்று எழுது என்று அங்கே ஒருத்தரும் கேட்ட ஞாபகம் எனக்கு இல்லை. களிமண் தந்தார்கள், நிறம் தந்தார்கள், கதை சொன்னார்கள். நான் ஒரு முதலை செய்தேன். அந்த முதலையின் வயிற்றுக்குள் என்ன இருந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். இவ்வளவு அனுபவித்த நானே ஆசிரியையான பிறகு இதை மறந்தது எப்படி என்று இன்னும் விளங்கவில்லை.

அந்தத் தாயை ஆறு மாதம் கழித்து கொக்கட்டிச்சோலைச் சந்தையில் கண்டேன். அவர்தான் கூப்பிட்டார். அம்மம்மா இப்போது நடமாடுகிறாராம், கிளினிக் போகிறாராம், இடைக்கிடை தானாகவே ரெண்டு வசனம் சொல்வாராம். "டீச்சர், அந்தத் தாள் என்னட்டத்தான் இரிக்கி. நான் அண்டைக்கு ஓடி ஓடித்தான் வாசிச்ச. நீங்க வந்து ஒருக்கா ஆறுதலா வாசிச்சுக் காட்டுங்கவன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை போனேன். புதுத் தாளில் வட்டங்கள் இல்லாமல் எழுதிக்கொண்டு போயிருந்தேன், அதை மேசையில் வைத்துவிட்டு பழையதையே எடுத்துத் தந்தார். திண்ணையில் அவரும் மகளும், உள்ளே கட்டிலில் அம்மம்மா. முதல் பக்கம் வாசித்தேன். ரெண்டாம் பக்கத்தில் பாதி போனதும் அவர் கையைத் தூக்கினார், நிறுத்தினேன். "மிச்சத்தைப் பிறகு பார்ப்பம்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி ஊற்ற எழும்பிப் போனார்.